மிருகன் வீட்டுப் பிள்ளை

ஜெப்ஸி தன் தம்பியைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் குடும்பத்தைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். ஸ்டெபின் பிறந்ததிலிருந்து தொட்டிலில் கிடந்ததைவிட அக்கா இடுப்பில் இருந்ததுதான் அதிகம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜெப்ஸி பையை ஒரு மூலையில் போடுவாள், செருப்பை இன்னொரு மூலையில் உதறுவாள், நேரே போய்த் தம்பியை வாரி எடுப்பாள். அவனும் அவள் குரலைக் கேட்டால் போதும், கையையும் காலையும் அடித்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்குவான்.

இப்போது அவள் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். தம்பி இரண்டு கையையும் நீட்டுகிறான். இவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள்.

"ஏட்டி, புள்ள அழுதாம்லா. தூக்கேன்," என்றாள் அம்மா.

"கை அழுக்கா இருக்கும்மா."

"கழுவிட்டுத் தூக்கு."

"இது கழுவினா போகாதும்மா."

அம்மா வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. இருந்தது பயம். பயம் நெற்றியில் சுடுவதில்லை, அதனால் அம்மாவுக்குத் தெரியவில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஜெப்ஸியின் அப்பா தேவபிரசாதம் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அங்கே அவர்கள் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஆலடிவிளையில் அப்பாவின் தாத்தா காலத்து வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அந்த ஊரில் யாரையும் அவர்களுக்குத் தெரியாது. அப்பா பிறந்து வளர்ந்ததே தூத்துக்குடியில்தான்.

"நல்ல காத்து வரும். நீங்க இங்கன இருங்க. லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் வாரேன்," என்று அம்மாவையும் பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்பா வேலைக்குத் திரும்பினார்.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஜெப்ஸிக்குச் சுடலைச்செல்வியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. நல்ல பெண். பார்த்த உடனே தன் கடலை மிட்டாயில் பாதியை உடைத்துக் கொடுத்தாள்.

"எந்த வீட்டுக்கு வந்திருக்கிய?"

"சர்ச்சுக்குப் பின்னால. பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு."

சுடலைச்செல்வி மென்றுகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அது மிருகன் வீடுல்லா?"

"மிருகனா? அது யாரு?"

சுடலைச்செல்வி சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆனால் பின் பெஞ்சில் மந்திரமூர்த்தி உட்கார்ந்திருந்தான். சொல்லக்கூடாத சங்கதி ஒன்று காதில் விழுந்துவிட்டால் மந்திரமூர்த்திக்கு அதைச் சொல்லாமல் இருப்புக்கொள்ளாது.

"தேரி மணலுக்குள்ள மிருகன் மேடுன்னு ஒண்ணு இருக்கு," என்று குனிந்து ரகசியமாக ஆரம்பித்தான். "அதுக்கு அடியிலதான் மிருகன் கிடக்கான். பாதி மனுசன், பாதி மிருகம். கடலுக்குள்ள இருந்து வந்தவன். முடியெல்லாம் செம்பட்டை. கண்ணு பூனைக்கண்ணு. உச்சி வெயிலுக்கு எந்திரிச்சு நடப்பான். ஆடு மேய்க்கிறவங்க கூட அந்தப் பக்கம் போகமாட்டாங்க. அவன் வம்சத்துக்காரங்க இருந்த வீடுதான் அது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குள் அவன் ஜெப்ஸியின் கண்களைப் பார்த்துவிட்டான்.

ஜெப்ஸியின் கண்கள் கறுப்பு இல்லை. சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம். தூத்துக்குடியில் எல்லாரும் அழகான கண் என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். இங்கே யாரும் கிள்ளவில்லை.

"ஏலே, கண்ணப் பாருங்கலே," என்றான் மந்திரமூர்த்தி.

எல்லாரும் பார்த்தார்கள். முன்னால் இருந்த இரண்டு பேர் தங்கள் பைகளை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

"ஒனக்கு எத்தன வயசு?"

"வார ஞாயித்துக்கிழமை பதினொண்ணு."

"போச்சு. பதினொண்ணு ஆச்சுன்னா அந்த வம்சத்துப் புள்ளைகளுக்குச் சிங்கப்பல் முளைக்கும். மொதல்ல வீட்டுல இருக்கிற சின்னப் புள்ளையத்தான் கடிப்பாங்களாம்."

மந்திரமூர்த்திக்கு இதை யார் சொன்னது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெப்ஸி கண்ணாடியின் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். நாக்கால் மேல் ஈறைத் தடவிக்கொண்டே போனாள். ஓரத்தில், கூர்மையாக, ஒன்று முட்டிக்கொண்டு நின்றது.

சிங்கப்பல்.

உள்ளே ஸ்டெபின் அக்காவைக் கேட்டுச் சிணுங்கினான். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றாள்.

ஆனாலும் ஜெப்ஸி சும்மா நம்பிவிடுகிற பெண் இல்லை. விசாரித்துப் பார்ப்போம் என்று நினைத்தாள். அதற்கு ஒரு வழியும் கிடைத்தது. இந்துமதி டீச்சர் எல்லாரையும் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார். அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று தெரிந்தவரைக்கும் மேலே மேலே போக வேண்டும். அதைச் சாக்காக வைத்து அவள் அம்மாவின் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா வேலையில் இருந்தார். போனில் அப்பாவைவிடக் கிரேன்தான் அதிகம் பேசியது. நடுநடுவே ஒரு கப்பல் வேறு சங்கு ஊதியது.

"அப்பா, நம்ம வம்சத்துல மிருகன்னு ஒருத்தர் இருந்தாராப்பா?"

"ஆரு? சத்தமாச் சொல்லும்மா. ஓ, அவரா? இருந்தாருல்லா. எங்க தாத்தாவுக்குத் தாத்தா."

ஜெப்ஸி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நிஜமாவா? கடல்ல இருந்து வந்தாருன்னு சொல்லுதாங்க."

"ஆமா, கடல்ல இருந்து வந்தவருதான். ஒனக்கு ஆரு சொன்னா? ஒன் கண்ணு இருக்குல்லா, அது அவரு கண்ணு. அவரு ரத்தந்தானே நமக்குள்ள ஓடுது."

"அப்போ எனக்கும் வருமாப்பா?"

"எது, முடியா? வராம எங்க போவும்? எங்க அப்பாவுக்குத் தாடியெல்லாம் செம்பட்டை. ஒனக்கும் போகப் போக வரும்," என்று அப்பா சிரித்தார். "சரிம்மா, லாரி நிக்கி. அப்புறம் பேசுதேன்."

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் ஜெப்ஸிக்குப் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் கொஞ்சம் பயமாக இருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் கறிக்குழம்பு. ஜெப்ஸி ஒரு எலும்பை எடுத்துக் கடித்தாள். ருசியாக இருந்தது. இன்னொன்றையும் கடித்தாள், அதுவும் ருசியாக இருந்தது. இவ்வளவு ருசியாக இருக்கக் கூடாதே என்று தோன்றியதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அதன் பிறகுதான் அவள் தம்பியைத் தூக்குவதை நிறுத்தினாள். அவன் பக்கத்தில் படுப்பதையும் நிறுத்தினாள். அம்மா கேட்டால் வியர்க்கிறது என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். தம்பி தூக்கத்தில் கையால் துழாவுவதைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. மற்ற பிள்ளைகள் பிறந்தநாளை எண்ணிச் சந்தோஷப்படுவார்கள். ஜெப்ஸி நாட்காட்டியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் தட்டைக் கழுவும்போது, அவள் சுடலைச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சுடலைச்செல்வி பயந்த பெண்தான். தசராவுக்குப் பக்கத்து ஊரான குலசையில் கரடி வேஷம் போட்டு வந்த சொந்த மாமாவைப் பார்த்தே அலறியவள். ஆனால் ஒருவர் அழுதால் அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"அழாதளா," என்றாள். "எங்க சுடலைமாடனும் கோவக்கார சாமிதான். ஆனா நேருல போய், படையல் போட்டு, இப்படி இப்படின்னு சொல்லிக் கேட்டா கேப்பாரு. ஒங்க மிருகன்கிட்டயும் கேட்டுப் பாரேன்."

"நாங்க படையலெல்லாம் போடமாட்டோமே."

"அப்போ படையல்னு சொல்லாத. சாப்பாடுன்னு சொல்லு. ஒங்க தாத்தாதானே."

ஜெப்ஸி யோசித்தாள். "எப்போ போவணும்?"

"உச்சிக்குத்தான். மத்த நேரம் அவன் தூங்குவாம்லா." சொல்லிவிட்டுச் சுடலைச்செல்வி கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள். "நானும் வாரேன். பாதி வரைக்கும்."

மறுநாள் சனிக்கிழமை.

"செல்வி வீட்டுக்குப் போயிட்டு வாரேம்மா," என்றாள் ஜெப்ஸி. அது பொய் இல்லை. முதலில் செல்வி வீட்டுக்குத்தான் போனாள். பொரித்த சாளை மீன் இரண்டு அங்கேதான் கிடைத்தது. மிருகம் சாம்பார் சாப்பிடாது என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

மிருகன் மேட்டுக்கு வழி கேட்க வேண்டியதே இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். எங்கே போகக் கூடாது என்று தெரிந்தால்தானே போகாமல் இருக்க முடியும்?

ஊரைத் தாண்டியதும் தேரி தொடங்கியது. தேரி என்றால் செக்கச்செவேலென்ற மணல் காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் மேடும் பள்ளமுமாகச் சிவப்பு மணல். அதில் அங்கங்கே பனைகளும் உடைமரங்களும். வெயில் உச்சியில் நின்றது. மரங்களுக்கு நிழல்கூட இல்லை. ஒரு காக்கைகூடக் கரையவில்லை, ஒரு ஆடுகூடக் கத்தவில்லை. மணலில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போனது. பின்னால் திரும்பிப் பார்த்தால், நடந்து வந்த தடத்தைக் காற்று மூடிக்கொண்டே வந்தது.

"செல்வி, நம்ம தடத்தக் காணோம்."

"பேசாத. வா."

ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் சுடலைச்செல்வி கையைக் காட்டினாள். எதிரே தனியாக ஒரு மணல் மேடு. அதன் மேல் ஒரே ஒரு மொட்டைப் பனை. பனைக்கு அடியில் உடைமுள் அடர்ந்து கிடந்தது. முள்ளுக்கு நடுவே ஏதோ ஒன்று கறுப்பாகக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார்கள். பாதி ஏறியிருப்பார்கள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

கர்ர்ர்... கர்ர்ர்...

பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சு விடுவது போல.

ஜெப்ஸியின் கைக்குள் இருந்த கையைக் காணோம். திரும்பிப் பார்த்தால் சுடலைச்செல்வி மணலைப் பறக்கவிட்டுக்கொண்டு இறங்கி ஓடினாள். பாதி வரைக்கும் வருகிறேன் என்று சொன்னவள், சொன்ன சொல் தவறவில்லை.

ஜெப்ஸிக்கும் ஓட வேண்டும் என்றுதான் இருந்தது. கால்கள் தயாராகவே இருந்தன. ஆனால் ஓடினால் எங்கே போவது? வீட்டுக்கு. வீட்டில் தம்பி கையை நீட்டிக்கொண்டு இருப்பான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அவள் ஓடவில்லை. அங்கேயே மண்டியிட்டு, மீன் பொட்டலத்தை மணலில் வைத்து, கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"தாத்தா," என்றாள். குரல் வெளியே வரவில்லை. திரும்பவும், "தாத்தா, நான் தேவபிரசாதம் மக. ஜெப்ஸி. பச்சைக் கதவு வீட்டுல இருக்கோம். எனக்கு முடி செம்பட்டையானாப் பரவாயில்ல. பல்லு முளைச்சாலும் பரவாயில்ல. எந்தம்பிய மட்டும் கடிக்க வச்சிராதீங்க. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் தூக்க வருவேன்னு கையக் கைய நீட்டுதான்."

கர்ர்ர், என்றது மிருகன்.

அவள் காத்திருந்தாள். முதுகு வழியாக வியர்வை இறங்கியது. யாரும் அவளைத் தொடவில்லை. காற்று கொஞ்சம் நின்றது, சத்தமும் நின்றது. காற்று வந்தது, சத்தமும் வந்தது.

ஜெப்ஸி ஒரு கண்ணைத் திறந்தாள்.

காய்ந்த பனை ஓலை ஒன்று உடைமுள்ளில் சிக்கிக் கிடந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் அதன் மட்டை பக்கத்தில் இருந்த கல்லில் உரசியது. கர்ர்ர்.

அவள் இரண்டாவது கண்ணையும் திறந்தாள்.

குனிந்து உட்கார்ந்திருந்தது மிருகம் இல்லை. அது ஒரு கல். கறுத்துப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடது பக்கம் மணலில் புதைந்திருந்தது. அவள் பயந்து பயந்து மேலே ஏறிப் போய் ஓலையை இழுத்துப் போட்டாள். கல்லில் எழுத்துகள் தெரிந்தன. தமிழ் எழுத்துகள். மிருகத்துக்கு எதற்கு எழுத்து?

முதல் வரியில் தெரிந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "மெ... ரி... க... க... ன."

ஒரு எழுத்துக்குக்கூடப் புள்ளி இல்லை. புள்ளி வைக்காமல் விட்டதற்காக இந்துமதி டீச்சர் இந்த ஒரு வாரத்திலேயே ஜெப்ஸிக்கு மார்க் குறைத்திருக்கிறார். இந்தக் கல்லை வெட்டியவர் அவரிடம் படித்திருந்தால் பாஸாகியிருக்க மாட்டார். ஜெப்ஸியே மனதுக்குள் புள்ளிகளை வைத்துப் பார்த்தாள்.

மெரிக்கன்.

மிருகன் இல்லை. மெரிக்கன். அப்படி ஒரு சொல்லை அவள் எங்கும் படித்ததில்லை. ஆனால் வரி அங்கே தொடங்கவில்லை என்று தெரிந்தது. அதற்கு முன்னால் ஏதோ இருந்தது, மணலுக்குள்.

பார்க்க வேண்டுமானால் தோண்ட வேண்டும். தோண்ட வேண்டுமானால் கையை உள்ளே விட வேண்டும். உள்ளேதான் அவன் கிடக்கிறான் என்று ஊரே சொல்கிறது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டால்?

ஜெப்ஸி கையைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விட்டாள். மேலே சுட்ட மணல் உள்ளே போகப் போகக் குளிர்ந்தது. முழங்கை வரை போனது. விரலில் குளிர்ச்சியாக, கடினமாக, ஒன்று தட்டியது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கல்லின் ஓரம்தான். கைகளால் மணலை அள்ளி அள்ளிப் போட்டாள். சரிந்து விழுந்ததைத் திரும்ப அள்ளினாள்.

ஒரு எழுத்து மெல்ல வெளியே வந்தது.

அ.

எல்லாப் பிள்ளைகளும் முதன்முதலில் எழுதிப் படிக்கிற அதே அ.

"அமெரிக்கன்," என்று ஜெப்ஸி சத்தமாகப் படித்தாள்.

பிறகு வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். அமெரிக்கன். மெரிக்கன். மெரிகன். மிரிகன். வேகமாகச் சொல்லச் சொல்ல அது தானாகவே மாறிக்கொண்டு வந்தது. மிருகன்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாள் பயமும் ஒரே நேரத்தில் அழுகையாக வந்தது. அழுதுகொண்டே மீதி மணலையும் தள்ளினாள். புள்ளிகளை அவளே வைத்து முழுவதையும் படித்தாள்.

"அமெரிக்கன் தச்சன் ஏபேல். கப்பல் உடைந்து இந்தக் கரை சேர்ந்தான். 1868-ம் வருஷம் மரித்தான். மகா சாது. பெண்சாதி ஞானப்பூ வைத்த கல்."

மகா சாது. அதை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

"ஏளா, ஜெப்ஸி," என்று கீழேயிருந்து குரல் வந்தது. சுடலைச்செல்வி வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பனைக்குப் பின்னால் கையில் கட்டையோடு நின்றாள். "உசுரோட இருக்கியாளா?"

"இருக்கேன். மேல வா."

"மிருகன்?"

"மிருகன் இல்லளா. அமெரிக்கன். அமெரிக்காக்காரர். தச்சு வேலை பாக்கிறவரு."

சுடலைச்செல்வி கட்டையைக் கீழே போடாமலே ஏறி வந்தாள். கல்லைப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அமெரிக்காவுல இருந்து ஆலடிவிளைக்கா? எதுக்கு வந்தாரு?"

"அவரா எங்க வந்தாரு? கப்பல் உடைஞ்சுட்டு."

"பாவம்," என்றாள் சுடலைச்செல்வி. "அவங்க அம்மா தேடியிருப்பாங்கல்லா." பிறகு, "அப்போ ஒன் சிங்கப்பல்லு?" என்று கேட்டாள்.

ஜெப்ஸிக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

"நீ வாயத் தொற பாப்போம்."

சுடலைச்செல்வி வாயைத் திறந்தாள். மேல் வரிசையின் ஓரத்தில், அதே இடத்தில், அதே மாதிரி கூர்மையாக ஒரு பல்.

"ஒனக்கும் இருக்கு."

"இதுவா? எனக்குப் போன மாசமே முளைச்சிட்டே," என்றாள் சுடலைச்செல்வி. "நான் யாரையும் கடிக்கலையே. எங்க அண்ணன் மட்டுந்தான், அதுவும் அவன் மொதல்ல கிள்ளினான்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சந்தடியில் ஒரு காக்கை வந்து மீன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஜெப்ஸி வீடு வந்து சேர்ந்தபோது அவள் கை, முகம், பாவாடை எல்லாம் ஒரே சிவப்பு. அம்மா ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். பாயில் இருந்த ஸ்டெபின் அக்காவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினான். ஜெப்ஸி ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அப்பா வாயால் கேட்க வேண்டும்.

கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் போனை எடுத்தாள். நல்ல வேளை, அப்பா டீ குடிக்க இறங்கியிருந்தார்.

"அப்பா, நம்ம கடல் தாத்தா இருக்காருல்லா, அவர் பேர மெதுவா, எழுத்து எழுத்தாச் சொல்லுங்க."

"பேரு தெரியாதேம்மா. மெரிக்கன், மெரிக்கன்னுதான் எங்க அப்பா சொல்லுவாரு. அமெரிக்கன். அதான் மெரிக்கன்னு ஆயிட்டு."

ஜெப்ஸி நீளமாக மூச்சு விட்டாள்.

"அவரு பேரு ஏபேல்ப்பா. தச்சு வேலை பாத்தாராம். பொண்டாட்டி பேரு ஞானப்பூ. தேரிக்குள்ள ஒரு மேட்டுல இருக்காரு. நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

போனில் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏபேலா?" என்றார் அப்பா. அவர் குரல் மாறிப் போயிருந்தது. "எங்க அப்பா சாகுத வரைக்கும் தேடினாரும்மா. மணப்பாட்டுல கேட்டாரு, குலசையில கேட்டாரு. ஆலடிவிளையிலயும் போய்க் கேட்டாரு, மெரிக்கன் கல்லறை எங்க இருக்குன்னு. அப்படி ஒண்ணு இங்க கிடையாதுன்னுட்டாங்க."

"மிருகன் மேடு எங்க இருக்குன்னு கேட்டிருந்தா காட்டியிருப்பாங்கப்பா," என்றாள் ஜெப்ஸி. பிறகு, பள்ளிக்கூடத்தில் கேட்டது, கண்ணாடியில் பார்த்தது, தம்பியைத் தொடாமல் இருந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

பக்கத்தில் நின்ற அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கா புள்ளையத் தூக்காம இருந்த? எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதாட்டி?" என்று அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். தலையில் இருந்த மணல் எல்லாம் அம்மாவின் சேலையில் கொட்டியது.

ஸ்டெபினுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. தவழ்ந்து வந்து அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்தான். ஜெப்ஸி போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து அவனை வாரி எடுத்தாள். எத்தனை நாள் கனம். அவன் கழுத்தில் பால் வாசனை அடித்தது. அவள் அவனை இறுக்கிக்கொண்டாள். அவனும் இரண்டு கையாலும் அக்காவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பெரிதாகத் திறந்து, அவள் கன்னத்தில் ஒரு கடி கடித்தான்.

"ஆ, அம்மா."

அம்மா அவன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "அட, பல்லு முளைச்சிட்டுல்லா. கீழ ஒண்ணு."

"என்னாச்சு அங்கன?" என்று போனில் அப்பா கேட்டார்.

ஜெப்ஸி கன்னத்தைத் தடவிக்கொண்டே, தம்பியைக் கீழே விடாமல், போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"ஒண்ணும் இல்லப்பா. மிருகன் வீட்டுப் புள்ள நான் இல்ல, இவன்தான்."